தீனி நேரத்தில் பாம்புக் கூண்டின் சுத்தம்

பங்குனி, சித்திரை மாதங்களில் செந்துறை வட்டார முந்திரித் தோப்புகளில் சருகைக் கிளறிக் கொட்டை பொறுக்குபவர்களுக்குப் பாம்பு புதிய சங்கதி அல்ல. கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் நஞ்சுமுறிவு மருந்து பாம்பின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்து எடுக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கைத் தருவது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இங்கே மண்பானைகளில் வைக்கப்படுகின்றன. பானைக்குள் மணல் இருக்கும். வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். மூன்று நான்கு வாரம் வைத்து, வாரம் ஒரு முறை விஷம் எடுத்து, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலைச் சிறிது நறுக்கிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இது குறுகிய காலம்தான். 1972-ல் ஏற்பட்ட கிண்டி பாம்புப் பண்ணை போன்ற இடங்களில் பாம்பை நெடுங்காலம் வைத்துத் தீனி போட்டாக வேண்டும். சுத்தத்தின் அவசியம் அங்கேதான் நன்றாகத் தெரியும்.

வளர்ந்த பாம்புக்கு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை தீனி போதும். பாம்பின் உடலில் தடித்த பாகம் எவ்வளவோ அவ்வளவு பருமனுள்ள எலி சரியானது. உயிரோடு எலியை விட்டுப் போகக் கூடாது. பசியில்லாத பாம்பு சும்மா கிடக்க, எலி அதையே கடித்துப் புண்ணாக்கிவிடும். கொன்ற எலியைப் போட்டு, தின்னாவிட்டால் மறுநாள் காலைக்குள் எடுத்துவிட வேண்டும். அழுகிய எலியால் ஈயும் எறும்பும் சேரும், கூண்டும் நாறும். பால் வைப்பதில் பயனில்லை; தண்ணீரே போதும். பாம்பு தண்ணீர்ச் சட்டியிலேயே கழிவதுண்டு. ஆகவே தண்ணீரைத் தினமும் மாற்றுவது அவசியம்.

பாம்பு நாக்கை நீட்டி நீட்டி வாசனை அறிகிறது. எலியைத் தொட்ட கையோடு கூண்டுக்குள் நுழைந்தால், கையையே இரை என்று எண்ணிப் பாய்ந்துவிடும். அனுபவசாலிகளும் இதில் கடிபடுவது உண்டு. எனவே நீண்ட இடுக்கியால் தீனி கொடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்வதையும் தீனிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. தின்ற பாம்பை இரண்டு நாளாவது தொடலாகாது. தொந்தரவு செய்தால் விழுங்கியதைக் கக்கிவிடும். அடிக்கடி கக்கும் பாம்பு மெலிந்து சாகும். கண் பால்போல் வெளுத்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அறிக. அப்போதும் அதைத் தொடாமல் விடுவதே முறை.

எச்சம் கண்டதும் அள்ள வேண்டும். அதில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் இருப்பது சிறுநீரின் பாகம். ஈர மணலில் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும். வாய்ப்புண்ணும் உண்ணியும் அசுத்தத்தில் பெருகும். இங்கே ஓர் எச்சரிக்கை. தொழுவத்தில் பினாயில் தெளித்துப் பழகிய கை பாம்புக் கூண்டில் அதைத் தொடக் கூடாது. பாம்புக்கு அது விஷம். சோப்பால் கழுவி, நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, வாடை போக அலசி, வெயிலில் காயவிட்ட பிறகே பாம்பை விட வேண்டும். பாம்பின் குடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி சாதாரணமாக இருக்கும். மனிதருக்கு அது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். கூண்டுச் சாமான்களைச் சமையல் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவக் கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் சாரையைப் பிடித்துப் பானையில் போட வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பது குற்றம். இருளர் சங்கமும் வனத்துறை அனுமதியுடனேயே பிடிக்கிறது. பட்டணங்களில் சிலர் வளர்க்கும் வெளிநாட்டு மலைப்பாம்புக்கும் அரசிடம் பதிவு தேவை.

ஆனால் கோழிக் கொட்டில் வைத்திருப்பவர்கள், அறியாமலே பாம்புக்குத் தீனி வைப்பவர்கள்தாம். தொட்டியில் மிஞ்சிய தீவனத்துக்கு இரவில் எலி வரும். எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். வந்த இடத்தில் முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். மாலைத் தீனி முடிந்ததும் தொட்டியைத் துடைத்து, சிந்தியதைக் கூட்டி, மக்காச்சோளத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். வைக்கோல் போரையும் விறகையும் கொட்டிலை விட்டுத் தள்ளிப் போடுங்கள். அடைகூடையில் முட்டை எடுக்கக் கை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்.