இன்னும் ஒரு கரண்டி கேட்கலாமா?

அந்நியர் வீட்டில் தங்கி வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதல் எதிரி குளிரல்ல, மொழியல்ல. கூச்சம்தான். இது மும்பைத் தமிழர்களுக்கு நன்றாகவே தெரிந்த கதை.

மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால், போய்ச் சேர்ந்த அன்று வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி கல்லூரியைப் பற்றியதாக இருக்காது. "சாப்பிட்டியா?" என்பதாகத்தான் இருக்கும். பதிலும் தயார்: "ஆச்சு." பல சமயம் அது பாதி உண்மைதான்.

விடுதியில் தங்குபவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. வரிசையில் நின்று தட்டை நீட்டினால் போதும். ஆனால் பள்ளிப் பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களும், மொழிப் பயிற்சிக்குப் போகிறவர்களும், கல்லூரியில் முதல் சில மாதங்களைக் கழிக்க வேண்டியவர்களும் பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கப்படுகிறார்கள். 'ஹோஸ்ட் ஃபேமிலி' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் பள்ளிப் பரிமாற்றத் திட்டங்களில் இந்தக் குடும்பங்கள் பணம் வாங்காமல் பிள்ளைகளை ஏற்கின்றன. கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் பொதுவாகக் கட்டணம் உண்டு. பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சங்கடம் ஒன்றுதான். அது அடுத்தவர் வீடு. அங்கே பசிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

இரண்டு முன்னோடிகள்

1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு வயது 18. மாமிசம் தொடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். லண்டனில் வெஸ்ட் கென்சிங்டன் பகுதியில், இந்தியத் தொடர்புள்ள ஒரு விதவையின் வீட்டில் தங்கினார். விரதத்தைப் பற்றி அந்த அம்மாளிடம் சொல்லியும் இருந்தார். ஆனாலும் பசி தீரவில்லை. அந்த அம்மாளின் இரண்டு மகள்களும் கூடுதலாக ஓரிரு ரொட்டித் துண்டுகளை வற்புறுத்திப் போடுவார்களாம். முழு ரொட்டி இருந்தால்தான் தன் வயிறு நிறையும் என்பதை அவர்கள் அறியவில்லை என்று சுயசரிதையில் எழுதுகிறார் காந்தி. கேட்க வெட்கம். கடைசியில் வழி பிறந்ததும் அதே வீட்டிலிருந்துதான். நகரத்தில் சைவ உணவகங்கள் இருக்கின்றன என்று வீட்டுக்கார அம்மாள் சொல்ல, நாள்தோறும் மைல் கணக்கில் நடந்து தேடி, ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அடுத்தவர் நம்மவர். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறிய ஸ்ரீநிவாஸ ராமானுஜன், கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் கணித ஆசிரியர் நெவிலின் வீட்டில் தங்கினார். பிறகு கல்லூரி அறைக்கு மாறினார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒரு நாள் ராமானுஜனின் அறைக்குப் போனவர், இரவில் குளிர் தெரியாமல் இருக்கிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவதாகப் பதில் வந்தது. மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கடியில் செருகியபடியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதே ராமானுஜன் ஒருமுறை நண்பர்களை அழைத்து, தன் கையால் சமைத்து விருந்து வைத்தார். விருந்தாளிகள் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை பெண்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம். தான் பரிமாறியதை மறுத்துவிட்டார்கள் என்ற வருத்தத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டார்!

கேட்காத விருந்தாளி, மறுப்பைத் தாங்காத விருந்தோம்பி. நம் வளர்ப்பின் இரண்டு பக்கங்களும் அந்த ஒரே மனிதரில் இருந்தன. இன்று சூட்கேஸோடு விமான நிலையம் போகும் பிள்ளைகளிடமும் அவை இருக்கின்றன.

ஒரே ஒரு முறைதான் கேட்பார்கள்

நம் வீடுகளில் 'வேண்டாம்' என்பது பாதி மரியாதை. விருந்தாளி மறுப்பார், வீட்டுக்காரர் வற்புறுத்துவார், மூன்றாம் முறை இலையில் விழும். மேற்கத்திய வீடுகளில் பெரும்பாலும் இந்த நாடகம் இல்லை. "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்று ஒரு தடவை கேட்பார்கள். வேண்டாம் என்றால் பாத்திரம் உள்ளே போய்விடும். அவர்களைப் பொறுத்தவரை வேண்டாம் என்பவரை வற்புறுத்துவதுதான் மரியாதைக் குறைவு.

நேரமும் சேர்ந்து படுத்தும். மும்பையில் அப்பா லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, இரவு ஒன்பதுக்கு மேல் தட்டு வைத்துப் பழகிய பிள்ளைக்கு, கனடாவில் மாலை ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடுகிறது. பத்து மணிக்கு வயிறு கூப்பிடும். ஃபிரிட்ஜைத் திறக்கலாமா, கூடாதா? திறக்கலாம் என்றுதான் பல குடும்பங்கள் நினைத்திருக்கும். சொல்ல வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

எனவே முதல் வாரத்திலேயே வாய்விட்டுக் கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு:

கட்டணத்தில் எத்தனை வேளை அடக்கம்? பல இடங்களில் காலையும் இரவும் மட்டும்தான். மதியம் அவரவர் பாடு.

'வெஜிடேரியன்' என்றால் என்ன? மீன் சாப்பிடுவார்கள் என்று நினைக்கும் வீடுகள் உண்டு. கோழி வேகவைத்த நீரில் செய்த சூப்பைக் காய்கறி சூப் என்று வைப்பவர்களும் உண்டு. எதை உண்பதில்லை என்று தனித்தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஹலால் பற்றியும் அப்படியே.

குளிக்கும் நேரம் என்ன? குழாயில் எப்போதும் தண்ணீர் வரும், ஆனால் வெந்நீர் தீர்ந்துபோகும். தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழியிருக்காது. திரையைத் தொட்டிக்குள் விட்டுக் குளிக்காவிட்டால் கீழ்த்தளத்துக் கூரை நனையும்.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது? இது சின்ன விஷயமல்ல. அம்மா வயதுள்ளவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. 'ஆன்ட்டி' அங்கே விநோதமாக ஒலிக்கும். விளைவு, கூப்பிடாமலே வாரங்கள் ஓடும். பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவர்கள் நினைப்பார்கள். "உங்களை எப்படி அழைக்கட்டும்?" என்ற ஒரு கேள்வி இதைத் தீர்த்துவிடும்.

ஒரு நாள் சமைத்துப் போட்டால் உறவு பலப்படும். ஆனால் கடுகும் மிளகாயும் தாளிக்கும் முன் வீட்டாரிடம் சொல்லி, ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். புகை எச்சரிக்கை மணி அலறினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் ஊரோடு வீடியோவில் பேசுவது இன்னொரு பழக்கம். அம்மாவுக்கு ஆறுதல்தான். ஆனால் கீழே கூடத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அது மூடிய கதவு.

கூச்சம் ஆபத்தாகும்போது

பசியைச் சொல்லத் தயங்கும் பிள்ளை, பயத்தையும் சொல்லத் தயங்கும். இதைப் பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிப் பரிமாற்ற விதிகளின்படி குடும்பத்தை வீட்டுக்கே போய்ப் பேட்டி காண வேண்டும். அங்குள்ள 18 வயதுக்கு மேற்பட்டவர்கள்மீது குற்றப் பின்னணி உண்டா என்று சோதிக்க வேண்டும். மாதந்தோறும் மாணவரோடு தொடர்பு கொண்டு விசாரிக்க வேண்டும். பிரிட்டனில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை, நெருங்கிய உறவினரல்லாத ஒருவர் வீட்டில் 28 நாட்களுக்கு மேல் தங்க ஏற்பாடானால் உள்ளூர் நிர்வாகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 18 வயது நிரம்பாத மாணவருக்கு, தங்குமிடமும் பராமரிப்பும் உறுதியானால்தான் விசா.

ஒத்துவராவிட்டால் வீடு மாற்றிக் கேட்கலாம். அது தோல்வியல்ல, திட்டத்திலேயே உள்ள வழி. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற நம் வீட்டு மந்திரம் எல்லா இடத்திலும் செல்லாது. குளிருக்கு அட்ஜஸ்ட் செய்யலாம். அவமதிப்புக்கும் அத்துமீறலுக்கும் கூடாது. யாரிடம் புகார் செய்வது என்று கேட்டு, அந்த எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவது பெற்றோரின் கடமை.

மாதுங்கா கண்ட வழி

மும்பைத் தமிழர்களுக்கு இது புதிதா என்ன? டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்துவிட்டு அன்றைய பம்பாய்க்கு ரயிலேறிய இளைஞர்களுக்கு அதுவும் வெளிநாடுதான். மொழி வேறு, தண்ணீர் வேறு. ஊர்க்காரர் வீட்டுத் தாழ்வாரம்தான் முதல் முகவரி.

மாதுங்கா இந்தக் கூச்சத்துக்கு ஒரு வழி கண்டது. படுக்கை ஒரு வீட்டில், சாப்பாடு வேறிடத்தில். 1937-இல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோமும், 1942-இல் ரயில் நிலையத்தருகே வந்த ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கும் அப்படிப்பட்டவர்களுக்கும் சோறு போட்டன. காசு கொடுத்து உட்கார்ந்தவர் "இன்னும் கொஞ்சம் சாதம்" என்று கேட்க யாருக்கு அஞ்ச வேண்டும்?

தாராவியில் அந்த வசதி இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவரை, சிறிய ஒற்றை அறையில் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த குடும்பம்தான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து படுத்து ஏற்றுக்கொண்டது. அந்த விருந்தோம்பலைப் பற்றி யாரும் கையேடு எழுதவில்லை.

காலியான அறை

இப்போது சக்கரம் சுழன்றுவிட்டது. பிள்ளைகள் போன பிறகு மாதுங்கா, செம்பூர் ஃபிளாட்டுகளில் ஓர் அறை காலியாகிறது. செம்பூருக்கு அடுத்த தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் கழகமும், 1956-இல் தொடங்கிய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. பின்னதில் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள். அறை தேடுவோருக்குக் குறைவில்லை. 'பேயிங் கெஸ்ட்' கிடைத்துவிடுவார்.

அவருக்குச் சட்டத்தின் துணை குறைவு. 1973-இல் பம்பாய் வாடகைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது லைசென்ஸில் குடியிருந்தவர்களுக்கு வாடகைதாரரின் பாதுகாப்பைக் கொடுத்தார்கள். பேயிங் கெஸ்ட்டை மட்டும் அதிலிருந்து விலக்கினார்கள். வீட்டுக்காரரின் மனசுதான் அவருக்குச் சட்டம். பத்து மணிக்குள் வர வேண்டும், சமையலறைக்குள் வரக் கூடாது, நண்பர்களை அழைத்து வரக் கூடாது என்று பட்டியல் நீளும்.

பட்டியலுக்கும் முன்னால் ஒரு கேள்வி வரும். "நீங்க வெஜிடேரியனா?" உணவைப் பற்றிய கேள்வி என்றால் குற்றமில்லை. ஆனால் பல வீடுகளில் அது ஜாதியையும் மதத்தையும் நாசூக்காக விசாரிக்கும் வழி. முஸ்லிம்களுக்கும் தலித்துகளுக்கும் வீடு மறுக்கப்படுவது இந்த நகரத்தில் பலமுறை செய்தியாகியிருக்கிறது. 1966-இல் தோன்றிய சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். அந்நியன் என்று விரட்டப்படுவது எப்படியிருக்கும் என்று மாதுங்காவுக்குத் தெரியாததல்ல.

டொரன்டோவிலோ மெல்போர்னிலோ முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நம் பிள்ளைக்குக் கதவைத் திறக்கும்போது என்ன ஜாதி என்று கேட்பதில்லை. வெந்நீர் எப்போது வரும், கம்பளி எங்கே இருக்கிறது, பசித்தால் ஃபிரிட்ஜைத் திறக்கலாம் என்றெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நியாயமான எதிர்பார்ப்புதான். செம்பூரில் நம் காலி அறைக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கும் ஊரில் ஓர் அம்மா இருக்கிறாள். அவளும் இன்றிரவு போன் செய்து, "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்கப் போகிறாள்.