தூதராலயத்து வாயிற்காவலர்

தூது வந்தவனைக் கொல்லலாகாது என்பது நம் நாட்டின் பழைய அறம். இலங்கையில் அநுமனைக் கொல்லுமாறு இராவணன் ஆணையிட்டபோது, அது முறையன்று என்று எடுத்துரைத்துத் தடுத்தவன் அவன் தம்பி விபீடணன். வள்ளுவப் பெருந்தகையும் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். தூதனுடைய பெருமை இவ்வாறு பலவிடத்தும் பேசப்படுகின்றது. அவன் தங்கியிருக்கும் மாளிகையின் வாயிலிலே இரவும் பகலும் விழித்து நிற்கும் காவலனைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதோ மிகக் குறைவு. அத்தகைய காவலர் சிலரின் வரலாற்றையே இங்கு கூற விரும்புகிறேன்.

தில்லியில் வாழும் நம் அன்பர்கள் சாணக்கியபுரிப் பக்கம் செல்லும்போது, 1959-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அமெரிக்கத் தூதராலயத்தைக் கண்டிருப்பார்கள். அதன் வெளிப்புறத்தைக் காப்பவர் நம் நாட்டுப் போலீசார். உள்ளே காவல் புரிபவரோ அமெரிக்க மரைன் படையினர். மரைன் என்பது கடற்படையைச் சார்ந்து நின்று, கப்பலிலிருந்து கரையில் இறங்கிப் போர் புரியும் படையாகும். காவல் இவ்வாறு இரண்டாகப் பிரிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் அயல்நாட்டுத் தூதராலயத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு, அது அமைந்துள்ள நாட்டின் அரசாங்கத்தையே சாரும். 1961-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை இதனைத் தெளிவாக விதித்திருக்கிறது. ஆகையால் உள்ளே இருக்கும் மரைன் காவலர் தொகை எப்போதும் சிறியதாகவே இருக்கும். வெளியிலிருந்து உதவி வரும் வரையில் கதவை மூடித் தாக்குப்பிடிப்பதே அவர்கள் வேலை.

வெளியுதவி வராமற் போனால் என்ன ஆகும் என்பதை 1979-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் டெஹ்ரான் நகரில் உலகம் கண்டது. கூட்டம் சுவரேறிக் குதித்தது. மரைன் காவலர் கண்ணீர்ப் புகையை மட்டும் பயன்படுத்தினர். ஈரானிய அரசாங்கம் துணைக்கு வரவில்லை. காவலரும் தூதராலய உத்தியோகஸ்தரும் ஒருங்கே சிறைப்பட்டனர். அவர்களுள் 52 பேர் 444 நாட்கள் சிறையில் இருக்க நேர்ந்தது.

காவலின் தொடக்கம்

மரைன் படையினர் அயல்நாட்டில் தூதரைக் காத்த நிகழ்ச்சிகளுள் பழமையும் புகழும் வாய்ந்தது 1900-ஆம் ஆண்டில் பீக்கிங் நகரில் நடந்ததாகும். பாக்ஸர் கலகத்தின்போது அயல்நாட்டுத் தூதர்கள் வாழ்ந்த பகுதி 55 நாட்கள் முற்றுகைக்கு உள்ளாயிற்று. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட அமெரிக்க மரைன்களும் மாலுமிகளும், ஏனைய நாட்டு வீரர்களோடு சேர்ந்து சுவரைக் காத்து நின்றனர். ஆகஸ்டு 14-ஆம் நாள் முற்றுகையை உடைத்து முதன்முதலில் உள்ளே புகுந்தவர் பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

அக்காலத்தில் ஆபத்து நேரும்போது மட்டுமே இத்தகைய காவல் அனுப்பப்பட்டது. நிலையான ஏற்பாடு இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே உண்டாயிற்று. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளித்தது. 1948-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவும் மரைன் படையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் டாஞ்சியர், பாங்காக் ஆகிய நகரங்களுக்கு முதற் காவலர்கள் புறப்பட்டனர். இன்று 150-க்கும் மேற்பட்ட இடங்களில் இவர்கள் இருக்கிறார்கள். வர்ஜீனியா மாகாணத்துக் குவாண்டிகோவில் இவர்களுக்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளி நடைபெறுகிறது.

இவர்களின் முதற் கடமையாக நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தது இரகசியக் காகிதங்களைக் காப்பது என்று அறிந்தால் பலர் வியப்படைவர். ஒரு நாட்டின் அந்தரங்கம் பகைவர் கையில் அகப்பட்டால் எத்தனையோ உயிர்கள் அதனால் மாயக்கூடும் என்பது அவ்விதியின் கருத்து. கோப்புகளோடு நாள் முழுதும் வாழும் எம்போன்ற குமாஸ்தாக்களுக்கு இது எளிதில் விளங்கும்.

சைகோன் நகரத்துக் கதவு

இக்காவலின் அருமையையும் துயரத்தையும் ஒருங்கே காட்டும் இடம் தென்வியத்நாமின் தலைநகராயிருந்த சைகோன் ஆகும். அந்நகரம் நம்மவருக்கு முற்றிலும் அயலானதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நகரத்தார் பெருமக்களும், புதுச்சேரி, காரைக்கால் மக்களும் அங்கே சென்று தொழில் நடத்தினர். நம்மவர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே உள்ளது. வியத்நாமிய மக்களும் அங்கே வழிபடுகின்றனர்.

1965-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் அங்கிருந்த பழைய அமெரிக்கத் தூதராலயத்தின் அருகே, மோட்டார் வண்டியில் வைத்த வெடிகுண்டு வெடித்தது. மாண்டவருள் பெரும்பாலோர் வியத்நாமிய மக்களே. அதன் பின்னர் வேறோர் இடத்தில், எட்டடி உயரச் சுற்றுச்சுவருக்குள் ஆறு மாடிக் கட்டடம் எழுப்பப்பட்டு, 1967-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்றது.

நான்கு மாதங்கள் கழிந்தன. 1968-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், வியத்நாமியரின் டெட் எனும் புத்தாண்டுத் திருநாளையொட்டி, விடியற்காலம் மூன்று மணிக்குச் சற்று முன்பு, வியத்காங் வீரர் சுமார் இருபது பேர் அச்சுவரில் துளையிட்டு உள்ளே நுழைந்தனர். அவ்வேளையில் கட்டடத்தின் வாயிற்கூடத்தைக் காத்தவர் மரைன் படையைச் சேர்ந்த சார்ஜெண்ட் ஹார்ப்பரும், கார்ப்போரல் ஸஹுரானிக்கும் ஆவர். பின்புறக் கட்டடத்தில் இருந்த ஹார்ப்பர் வெடியோசை கேட்டதும் வளாகத்தைக் கடந்து ஓடிவந்து, முன்வாயிலின் கனத்த தேக்குக் கதவுகளை இழுத்துச் சாத்தித் தாழிட்டார். சிறிது நேரத்திற்குள் ராக்கெட்டுகள் வந்து மோதின. ஸஹுரானிக் படுகாயமுற்று வீழ்ந்தார். ஹார்ப்பர் அவருக்குக் கட்டுப்போட்டுவிட்டு, எந்நேரமும் பகைவர் நுழையக்கூடும் என்று துப்பாக்கியோடு கதவை நோக்கியபடி நின்றார்.

பகைவர் உள்ளே நுழையவில்லை. அவர்களின் தலைவர்கள் தொடக்கத்திலேயே மாண்டனர். எஞ்சியோர் வளாகத்துப் பூந்தொட்டிகளின் மறைவில் நின்று போரிட்டனர். காலை ஒன்பது மணி கடந்த பின்னரே சண்டை ஓய்ந்தது. அமெரிக்கத் தரப்பில் இராணுவப் போலீசார் நால்வரும், மார்ஷல் என்னும் மரைன் கார்ப்போரல் ஒருவரும் உயிர்நீத்தனர். கட்டடத்தின் கீழ்த்தளம் பகைவர் கைப்பட்டது என்று முதலில் உலகெங்கும் செய்தி பரவிற்று. அது பொய்யாகும்படி செய்தது உரிய கணத்தில் சாத்தப்பட்ட ஒரு கதவு.

புளியமரமும் கடைசி நாளும்

ஏழாண்டுகள் சென்றன. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் வடவியத்நாமியப் படை சைகோனை நெருங்கியது. 29-ஆம் நாள் விடியுமுன் விமான நிலையத்தின்மீது ராக்கெட்டுகள் விழுந்தன. அங்கே காவலில் இருந்த இரு மரைன்கள் மாண்டனர். ஒருவர் மக்மஹோன், வயது 21. மற்றவர் ஜட்ஜ், வயது 19. விமானங்கள் இறங்க வழியின்றிப் போகவே, ஹெலிகாப்டர்கள் மூலம் மக்களை வெளியேற்றுவது என்று முடிவாயிற்று.

தூதராலய முற்றத்தில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. அதை வெட்டினாலன்றிப் பெரிய ஹெலிகாப்டர்கள் அங்கு இறங்க இயலாது. மரத்தை வெட்டினால் அமெரிக்கர் ஓடப்போகின்றனர் என்று ஊரார் அறிந்து கலங்குவர் என்று தூதர் கிரகாம் மார்ட்டின் பல நாட்களாக அதற்கு இசையவில்லை. கடைசி நாளில்தான் அது வீழ்த்தப்பட்டது. அதற்குள் சுவரைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் திரண்டுவிட்டனர். அமெரிக்கரிடம் பணிபுரிந்தவரும், அவர் சொல்லை நம்பியிருந்தவரும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மாரும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

1968-ஆம் ஆண்டில் பகைவரைத் தடுத்து நின்ற காவல், இப்போது நண்பரைத் தடுக்க வேண்டியதாயிற்று. மரைன்கள் சுவர்மீது நின்று, அநுமதி பெற்றவரைக் கைகொடுத்து உள்ளே தூக்கினர். ஏனையோரைக் கீழே தள்ளினர். யார் அநுமதிக்குரியவர் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் கீழிருந்து நீண்ட கைகளை நேரே கண்டவர்கள் அவர்களே. அன்று பகலும் இரவும் தூதராலயத்திலிருந்து 2,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பிறகு வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது: இனி அமெரிக்கர் மட்டுமே. உங்களைக் கைவிட மாட்டோம் என்று உறுதி கூறப்பெற்று, முற்றத்தில் வரிசையாக அமர்ந்திருந்த சுமார் 420 பேர் அங்கேயே விடப்பட்டனர். அவர்களுள் வியத்நாமியரோடு தென்கொரிய நாட்டு உத்தியோகஸ்தரும் இருந்தனர்.

30-ஆம் நாள் அதிகாலை ஐந்து மணியளவில் தூதர் மார்ட்டின் புறப்பட்டார். அதன்பின் மரைன்கள் அரைவட்டமாக நின்று, அடி அடியாகப் பின்வாங்கிக் கட்டடத்துள் புகுந்து கதவைத் தாழிட்டனர். ஏமாற்றமுற்ற மக்கள் ஒரு லாரியைக் கொண்டு அக்கதவை மோதி உடைத்தனர். காவலர் படிக்கட்டு வழியே மாடி மாடியாக ஏறி, மேல்தளத்துக் கதவைக் கையில் கிடைத்த பொருள்களை அடுக்கி அடைத்தனர். ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றாக வந்து சென்றன. கடைசியில் பதினொருவர் எஞ்சினர். அடுத்த ஹெலிகாப்டர் வருமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. காலை எட்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் அது வந்து சேர்ந்தது. காவற்படையின் தலைமைச் சார்ஜெண்டாகிய ஹுவான் வால்டெஸ் எல்லோரையும் ஏற்றிவிட்டுத் தாம் கடைசியாக ஏறினார். அன்று நண்பகல் வேளையில், அதே வீதி வழியாக வடவியத்நாமிய டாங்கிகள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தன.

விமான நிலையத்தில் மாண்ட இளைஞர் இருவரின் உடல்களும் அந்தக் குழப்பத்தில் சைகோனிலேயே விடுபட்டுப் போயின. அவை தாயகம் வந்து சேர்ந்தது மறு ஆண்டாகிய 1976-இல்தான். உயிரோடிருந்தவரை ஏற்றிக்கொண்டு வந்தவர்களின் மனத்தில் இது ஆறாப் புண்ணாக நின்றிருக்கும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

1995-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் மீண்டும் தூதுறவு கொண்டன. பழைய கட்டடம் 1998-இல் இடிக்கப்பட்டது. ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய அவ்வூரில், அதே மனையில் புதிய அமெரிக்கத் துணைத்தூதர் அலுவலகம் 1999-இல் திறக்கப்பெற்றது. போரிட்ட நாடுகள் கைகுலுக்கிக் கொள்வது உலக இயல்பு. இழப்புகள் மட்டும் திரும்புவதில்லை.

இவ்வரலாற்றைப் படிப்போர் அமெரிக்காவின் போரை ஆதரிக்கலாம், கண்டிக்கலாம். அது வேறு வழக்கு. காவலன் போரைத் தொடங்கியவனும் அல்லன், முடித்தவனும் அல்லன். எவரை உள்ளே விடுவது, எவரைப் புறத்தே நிறுத்துவது என்று விதித்தவர்கள் தொலைவில், பத்திரமான அறைகளில் இருந்தனர். அவர்கள் பிழை செய்தால் அதன் பாரம் வாயிலில் நிற்பவன் தோளிலே வந்து இறங்குகிறது. புளியமரத்தை உரிய காலத்தில் வெட்டி, மக்களை முன்னதாகவே அனுப்பத் தொடங்கியிருந்தால், முற்றத்தில் விடப்பட்ட 420 பேரில் பலர் பிழைத்துப் போயிருக்கக்கூடும். இளங்காவலரும் தாய்மாரின் கைகளைத் தட்டிவிட நேர்ந்திராது.

எங்கள் இருப்புப்பாதையில் கார்டு என்பவர் கடைசிப் பெட்டியில் இருப்பவர். வண்டி முழுவதும் நிலையத்துக்குள் வந்த பிறகே அவர் வந்து சேர்கிறார். எஞ்சினைப் பார்த்துக் கையசைப்போர் பலர். கடைசிப் பெட்டியைக் கவனிப்போர் சிலரே. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், அலுவலகத்திலும் வங்கியிலும் குடியிருப்பிலும் எத்தனையோ வாயிற்காவலரை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அவர்களுள் பலர் நம்மைப் போலவே பிழைப்பை நாடித் தொலைவிலிருந்து வந்தவர்கள். அவர்களை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்து ஓர் அன்புச் சொல் கூறுவது நமக்குப் பெருஞ்செலவன்று.