சக்கரத்திற்குக் கம்பி கோத்தல்

கிளைப்பங்குகளுக்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்லும் குருக்கள் பலருக்கு இருசக்கர வாகனமே துணை. நமது பங்கு இல்லத்தில் இருப்பது பழைய புல்லட். 1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு நிறுவனத்தின் வண்டி அது. அதன் பின்சக்கரத்திற்கு நாமே கம்பி கோத்ததைப் பற்றி இத்திங்கள் எழுதுமாறு நம் பங்கு இளைஞர் சிலர் வேண்டினர். வார்ப்புச் சக்கரங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் கம்பிச் சக்கரம் மறைந்துவிடவில்லை. அதற்குக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர்தாம் நம் வட்டாரத்தில் அருகிவிட்டனர்.

மாட்டுவண்டியின் ஆரக்கால் பாரத்தைத் தூண்போல் நின்று தாங்குகிறது. மெல்லிய கம்பிக்கு அது இயலாது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆதலால் எல்லாக் கம்பிகளையும் முன்னதாகவே விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகின்றனர். பாரம் ஏறும்போது தரையை ஒட்டிய கம்பிகளின் விறைப்பு சற்றே குறைகிறது. அது முற்றும் அற்றுப்போகாத வரை சக்கரம் உருக்குலையாது. இக்கருத்தை 1808-இல் எண்ணியவர் ஆங்கிலேயரான ஜார்ஜ் கேலி. கம்பிகளை நடுவிலிருந்து நேராக விரிக்காமல், குடத்தின் விளிம்பிலிருந்து சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடுமாறு பின்னும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். சங்கிலியின் இழுப்பும் பிரேக்கின் பிடிப்பும் குடத்திலிருந்து வளையத்துக்குச் செல்வது இச்சாய்வினால்தான்.

சக்கரம் செய்வோருக்குப் பாதுகாவலி அலெக்சாந்திரியா நகர்ப் புனித கத்தரீனம்மாள். 1969-இல் திருச்சபையின் பொது நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்ட அவரது நினைவு, 2002-இல் மீண்டும் நவம்பர் 25-இல் சேர்க்கப்பட்டது. நிற்க.

பழைய கம்பிகளைக் கழற்றுமுன் பின்னலைப் படம் எடுத்துக்கொள்க. வளையத்தின் விளிம்பு பிரேக் டிரம்மிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நேர்ச்சட்டம் வைத்து அளந்து எழுதிக்கொள்க. இவ்வளவு தவறினால், சக்கரம் ஆட்டமின்றிச் சுழன்றாலும் முன்சக்கரத்தின் தடத்தில் வாராது. நமது சக்கரத்தில் கம்பிகள் 40. பக்கத்துக்கு 20, அவற்றுள் பாதி உட்கம்பி, பாதி வெளிக்கம்பி. தலையின் வளைவு இரண்டுக்கும் வேறு என்பதால் தனித்தனியே கட்டிவைக்க வேண்டும். உட்கம்பிகளை முதலில் கோத்துவிட்டு, மரைகளில் சொட்டு எண்ணெய் இடுக. வளையத்தின் துளைகள் சாய்வாகவே இடப்பட்டிருப்பதால், எக்கம்பி எப்பக்கம் செல்லும் என்பதை அவையே காட்டும்.

நிப்பிள்கள் அனைத்தையும் சம அளவு முறுக்கிய பின், சக்கரத்தை அச்சில் ஏற்றி, அருகே ஒரு கம்பித்துண்டைக் குறியாகக் கட்டிச் சுழற்றுக. மேல்கீழ் ஏற்றத்தாழ்வை முதலில் போக்கி, இடவலக் கோட்டத்தைப் பின்னரே எடுக்க வேண்டும். வலப்புறம் சாய்ந்த இடத்தில் வலக்கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்தி, இடக்கம்பிகளைக் கால் சுற்று முறுக்குக. ஒரே கம்பியை வலிந்து முறுக்கிக் கோட்டத்தை மறைப்பவர் உண்டு. அக்கம்பி ஒரு நாள் அறும். அதன் பங்கு பாரமும் அண்டைக் கம்பிகளின் மேல் விழ, அவையும் ஒவ்வொன்றாக அறும். சிறு திருப்புளியால் தட்டினால் விறைத்த கம்பி கணீரென்னும், தளர்ந்தது மொத்தென்னும். நம் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் இதில் நம்மினும் வல்லவர். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருப்பின் நாம் விடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், முதன்முறை கோத்தபோது, இக்கோட்டம் எடுப்பதிலேயே நம் கருத்து முழுவதும் நின்றது. வாங்கிய கம்பிகள் பழையவற்றினும் அரை நூல் நீளம் கூடியிருந்தன. நிப்பிளுக்கு மேல் நீட்டிய முனைகளை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யவில்லை. மேலே ரப்பர் நாடா இருக்கிறதே என்று டயரை ஏற்றிவிட்டோம்.

ஒன்பதாம் நாள் இரவு, கிளைப்பங்கொன்றில் முதிய தாயொருவர் இறுதி வேளையில் இருப்பதாகச் செய்தி வந்தது. வழியுணவுக்கான நற்கருணையையும் திருத்தைலத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஊருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில் பின்சக்கரம் தள்ளாடியது. டியூபில் காற்று இல்லை. வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தோம். நாம் சென்றடைந்தபோது தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தனர். "சாமி வந்துட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் மூத்த மகள். எவரும் நம்மைக் குறை கூறவில்லை. மறுநாள் டயரைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று முனைகள் நாடாவைத் துளைத்திருந்தன.

ஆகவே கம்பி கோக்க விரும்பும் இளைஞரிடம் நாம் முதலில் கேட்பது, அரம் இருக்கிறதா என்பதையே. வளையத்தின் மேல் விரலைச் சுற்றிலும் ஓடவிட்டுப் பார்த்த பின்பே நாடாவைப் போடுக. நூறு கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகளை மீண்டும் தட்டிக் கேட்க வேண்டும். புதுக் கம்பிகள் தத்தம் இடத்தில் படிகையில் விறைப்பு இறங்கும். அப்போது மறுபடி முறுக்கினால் முனையும் மறுபடி மேலெழும். கால் சுற்றுக்கு மேல் முறுக்க நேர்ந்தால் டயரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலை கூடும், அவ்வளவே.