வழி தெரிந்த ஒருவர்

கச்சால் தீவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவர்கள். அதிகம் படிக்காதவர்கள். ஆனால் மகளைப் படிக்க வைத்தார்கள். மகள் கப்பல் ஏறிப் போர்ட் பிளேர் போனாள். விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். பட்டம் வாங்கினாள்.

"என் பெண் படித்துவிட்டாள். இனிக் கவலை இல்லை" என்றார் அப்பா.

ஒரு வருடம் போயிற்று. வேலை கிடைக்கவில்லை. முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருந்தது. விண்ணப்பத்தில் அப்பாவின் முழுப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாள். இரண்டு பெயரும் ஒத்துப் போகவில்லை. இரண்டாவது வேலைக்கு அழைப்பு வந்தது. கப்பலுக்கு முன்பதிவு செய்யவில்லை. தேர்வு நாள் தவறிப் போயிற்று.

அந்தப் பெண்ணுக்கு அறிவு இல்லையா? உண்டு. உழைப்பு இல்லையா? உண்டு. பிறகு எது இல்லை? வழி சொல்ல ஆள் இல்லை.

முதல் தலைமுறை

இந்தத் தீவுகளில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களில் பல லட்சம் பேர் இந்தியா திரும்ப வேண்டும் என்று முடிவானது. அவர்களில் சில குடும்பங்கள் 1970களில் கச்சால் தீவில் குடியேற்றப்பட்டன. ரப்பர் தோட்டத்தில் வேலை தரப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த சுனாமியில் கச்சால் பெரும் சேதம் அடைந்தது. பலர் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கினார்கள்.

இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். போர்ட் பிளேரில் 1967இல் அரசுக் கல்லூரி தொடங்கியது. அந்த ஊரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. மாயாபந்தரில் 1990இல் இன்னொரு அரசுக் கல்லூரி வந்தது. வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்குகிற பிள்ளைகள் பலர்.

அலுவலர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பிடும்போதே பல விஷயம் காதில் விழும். எந்த வேலைக்கு எந்த மாதம் ஆள் எடுப்பார்கள், நேர்முகத் தேர்வில் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படித் தெரிய வழியில்லை. அது பிள்ளையின் குற்றம் அல்ல. பெற்றோரின் குற்றமும் அல்ல.

வழிகாட்டி என்பவர் யார்?

வழிகாட்டி என்பவர் சிபாரிசு செய்பவர் அல்ல. பணம் கொடுப்பவரும் அல்ல. தான் நடந்த பாதையை நமக்குச் சொல்லுபவர்தான் வழிகாட்டி. ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கலாம். மருத்துவமனையில் வேலை செய்யும் நர்ஸ் அக்கா இருக்கலாம். வங்கியில் வேலை செய்யும் அண்ணன், கப்பலில் வேலை பார்க்கும் மாமா, இரண்டு வருடம் முன்னால் அதே கல்லூரியில் படித்த பெண் — யாரும் ஆகலாம்.

அவர் என்ன சொல்லித் தருவார்?

எல்லாச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுவார். தமிழர்கள் இனிஷியல் போடுவது வழக்கம். பிற மாநிலத்து அலுவலகங்களில் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்பார்கள். இதில்தான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

தேர்வுத் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் கப்பலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லுவார். கடல் கொந்தளித்தால் கப்பல் போகாது. அதற்கும் நாள் விட வேண்டும்.

இந்தியில் பேசிப் பழகச் சொல்லுவார். தமிழ் வழியில் படித்த பிள்ளை பாடத்தில் கெட்டியாக இருக்கும். ஆனால் நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்கும். வழிகாட்டி எதிரே உட்கார்ந்து பத்துக் கேள்வி கேட்பார். பத்து நாளில் தயக்கம் போய்விடும்.

அரசு வேலை ஒன்றுதான் வேலை என்று இருக்க வேண்டாம் என்றும் சொல்லுவார். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, தொழிற்சாலைகளில் பயிற்சி பெறலாம். பயிற்சிக் காலத்தில் உதவித் தொகையும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

வேலை கிடைத்த பிறகும் வழிகாட்டி தேவை. முதல் மாதத்தில் மேலதிகாரி திட்டினால் பிள்ளை வேலையை விட்டு வந்துவிடப் பார்க்கும். "எனக்கும் அப்படித்தான் இருந்தது. பொறுத்துக்கொள். தெரியாததைக் கேள்" என்று ஒருவர் சொன்னால் போதும். பிள்ளை நிலைத்து நிற்கும்.

கார் நிக்கோபாரில் நடந்தது

இதற்கு நம் தீவுகளிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு.

நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. கார் நிக்கோபார் தீவில் மூஸ் என்ற ஊர். அங்கே வேதப்பன் சாலமன் என்ற தமிழர் ஒரு பள்ளி நடத்தினார். நிக்கோபார் சிறுவன் ஒருவன் அவரிடம் படித்தான். சாலமன் எழுத்தை மட்டும் சொல்லிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. மேலே எங்கே படிக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். சிறுவன் பர்மாவில் உள்ள மாண்டலேக்குப் போய்ப் படிக்க வழி செய்தார்.

அந்தச் சிறுவன்தான் ஜான் ரிச்சர்ட்சன். படித்து முடித்ததும் சொந்தத் தீவுக்கே திரும்பினார். ஆசிரியர் ஆனார். 1950இல் பேராயர் ஆனார். 1952இல் இந்தியாவின் முதல் மக்களவையில் இந்தத் தீவுகளுக்காக உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1965இல் பத்மஸ்ரீ விருதும், 1975இல் பத்மபூஷண் விருதும் பெற்றார்.

சாலமன் வேறு மொழிக்காரர். வேறு ஊர்க்காரர். ஆனாலும் வழி காட்டினார். ரிச்சர்ட்சன் தான் பெற்றதைத் தன் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஒரு விளக்கில் இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறையுமா?

பிற நாடுகளிலும் இப்படித்தான். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் பல உண்டு. பண்ணையிலும் கட்டட வேலையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்தார்கள். அவர்களுக்கும் வழி தெரியவில்லை. 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அந்த மொழி பேசும் பொறியாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். வேலையில் இருப்பவர்கள் மாணவர்களுக்குக் கை கொடுத்தார்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நான் படிக்காதவன். என் பிள்ளைக்கு என்ன சொல்ல முடியும்?" என்று சிலர் ஒதுங்கி விடுகிறார்கள். அது சரியல்ல. பெற்றோர் செய்ய வேண்டியது நிறைய உண்டு.

சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். மழையும் உப்புக் காற்றும் தாளை அரித்துவிடும். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். சுனாமியில் வீட்டோடு சான்றிதழையும் இழந்து அலைந்தவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

வேலையில் இருக்கும் ஒருவரிடம் பிள்ளையை அழைத்துப் போங்கள். "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டாம். "இவளுக்கு வழி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதலாவதைக் கேட்டால் பலர் நழுவுவார்கள். இரண்டாவதைக் கேட்டால் பெரும்பாலோர் உட்காரச் சொல்லுவார்கள்.

ஒன்றில் கவனமாக இருங்கள். பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்பவர் வழிகாட்டி அல்ல, ஏமாற்றுக்காரர். பெண் பிள்ளையானால் வழிகாட்டி ஒரு பெண்ணாக இருப்பது நல்லது. யாராக இருந்தாலும், வீட்டுக்குத் தெரிந்து, நாலு பேர் இருக்கும் இடத்தில் சந்திக்கட்டும்.

கடைசி முடிவு பிள்ளையுடையது. வழிகாட்டி பாதையைக் காட்டலாம். நடக்க வேண்டியது பிள்ளைதான்.

கச்சால் பெண்ணுக்கும் ஒரு நர்ஸ் அக்கா கிடைத்தால் என்ன ஆகும்? பெயரைத் திருத்துவாள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே கப்பல் ஏறுவாள். வேலையில் சேர்ந்த பிறகு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவளே வழிகாட்டி ஆவாள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் வேலையில் இருப்பவர்கள் யார் யார்? அவர்களில் யார் வழிகாட்டி ஆகலாம்?

2. உங்கள் பிள்ளையின் எல்லாச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

3. உங்களுக்கு வாழ்க்கையில் வழி காட்டியவர் யார்? அவரைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.