பெண்பிள்ளைகளின் சஞ்சிகை: காசு கொடுப்பவர் யார்?

பத்து வயது முதல் பதினான்கு, பதினைந்து வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கென்றே மேல்நாடுகளில் பல சஞ்சிகைகள் வெளிவந்திருக்கின்றன. பளபளப்பான தாள், சிரித்த முகம், புது மாதிரி உடை, தலையலங்காரம், பாடகர்களின் படம், தோழியோடு மனத்தாங்கல் வந்தால் என்ன செய்வது என்ற யோசனை ஆகியவற்றை அவற்றில் காணலாம். பட்டணத்துக் கடைகளின் வழியாகவும், யாரோ படித்துப் போட்ட பழைய இதழ்களாகவும் அவை நம் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்ததுண்டு. வீண் வேலை என்று பிடுங்கி வைக்கும் பெற்றோர் உண்டு. ஆங்கிலம்தானே, படிக்கட்டும் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டில் எதைச் செய்வதற்கு முன்பும், அந்தச் சஞ்சிகை எப்படி நடக்கிறது, அதற்குக் காசு கொடுப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா? இன்று அதைப்பற்றியே பேசுவோம்.

இந்த வகை ஏடுகள் நேற்று முளைத்தவையல்ல. 1880-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மாநகரில் ஒரு கிறிஸ்துவ சமயப் பிரசுர சங்கம் ‘கேர்ல்ஸ் ஓன் பேப்பர்’ என்ற வார ஏட்டைத் தொடங்கியது. விலை ஒரு பென்னி. கதை, தையல், சமையல், உடல்நலம் என்று எல்லாம் அதில் இருந்தன. வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியும் இருந்தது. அதில் ஒரு வேடிக்கை. பதிலை மட்டுமே அச்சிடுவார்கள்; கேள்வியை அச்சிடமாட்டார்கள். கேட்டது என்னவாக இருக்கும் என்று மற்றப் பிள்ளைகள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எழுதியவளின் கையெழுத்து நன்றாக இல்லை என்று இடையில் ஒரு குட்டும் விழும். (ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதல்ல.) பெயர் பலமுறை மாறினாலும் அந்த ஏடு 1956 வரை நடந்தது.

பிறகு 1964-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்து ‘ஜாக்கி’ வந்தது. 1970-களில் வாரந்தோறும் ஏறத்தாழ 6 லட்சம் பிரதிகள் விற்ற காலமும் அதற்கு இருந்தது. அதிலும் கடிதப் பகுதிக்குத்தான் மவுசு. கேத்தி, கிளேர் என்று இரு அக்காமார் பதில் சொல்வதாகப் போட்டிருக்கும். உண்மையில் அப்படி இருவர் இல்லை. அலுவலகத்தில் வேலை செய்தவர்களே அந்தப் பெயரில் எழுதினார்கள். வாரந்தோறும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. பெற்ற தாயிடம் கேட்க முடியாததை முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதித் தபாலில் போட்ட பிள்ளைகள் அவர்கள்.

இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் பெண்பிள்ளை பெரியவளானால் பந்தல் போடுகிறோம், தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார், படம் பிடிக்கிறோம். ஆனால் அவள் உடம்பில் நடப்பது என்ன, மாதாமாதம் ஏன் வருகிறது, வயிற்றுவலிக்கு என்ன செய்வது என்று உட்காரவைத்துச் சொல்பவர் எத்தனை பேர்? சொல்ல ஆளில்லாத இடத்தில் அச்செழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஒரு காரியத்தில் அந்தச் சஞ்சிகைகள் நன்மையே செய்தன எனலாம்.

ஆயினும் ‘ஜாக்கி’யை இதழ் இதழாக ஆராய்ந்த ஏஞ்சலா மெக்ராபி என்ற அறிஞர், 1978-இல் ஒரு குறையை எடுத்துக்காட்டினார். அதன் கதைகளில் பெண்ணுக்குக் காதலைத் தவிர வேறு வேலையே இல்லை; தோழி என்பவளும் கடைசியில் போட்டியாகவே மாறிவிடுகிறாள் என்பது அவர் கண்டது. படிப்பும் பிழைப்பும் அந்தக் கதைகளுக்கு வெளியே நின்றன. ‘ஜாக்கி’ 1993-இல் நின்றுபோயிற்று.

இனி காசு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1944 செப்டம்பரில் ‘செவென்டீன்’ தொடங்கியது. பெயர்தான் பதினேழு, படித்தவர்களில் பலர் அதற்கும் இளையவர்கள். ஹெலன் வாலன்டைன் என்ற அம்மையார் ஆசிரியர். அந்தச் சஞ்சிகை ஓர் ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு தன் வாசகிகளைப்பற்றித் தகவல் திரட்டியது. அதைக்கொண்டு ‘டீனா’ என்றொரு கற்பனைப் பெண்ணை உருவாக்கியது. அவள் கையில் சொந்தக் காசு இருக்கிறது, போதாததைப் பெற்றோர் கொடுப்பார்கள் என்று எடுத்துச் சொல்லி, துணி, அழகுப்பொருள் விற்கும் கம்பெனிகளிடம் விளம்பரம் கேட்டது. அதாவது, பிள்ளை கடையில் சஞ்சிகையை வாங்குகிறாள். சஞ்சிகையோ அவளுடைய கவனத்தைக் கம்பெனிக்கு விற்கிறது. பளபளப்பான தாளுக்கும் வண்ண அச்சுக்கும் ஆகும் செலவில் பெரும்பங்கு அந்த வழியில்தான் வருகிறது. முகப்பருவுக்கு ஒரு பக்கம் யோசனை சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் முகப்பூச்சு விளம்பரம் போடுவது தற்செயலன்று.

விளம்பரக்காரரின் பலம் எவ்வளவு என்பதற்கு ‘சாஸி’யின் கதையே சான்று. 1988-இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்தச் சஞ்சிகை, ஆண்-பெண் உறவு உட்பட இளம்பெண்களின் சந்தேகங்களை ஒளிவுமறைவின்றி எழுதியது. சில சமயக் குழுக்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் குறி வைத்தது விளம்பரம் கொடுத்த கம்பெனிகளை. உங்கள் பொருளை வாங்கமாட்டோம் என்று அவற்றுக்குக் கடிதம் எழுதினார்கள். பெரிய கம்பெனிகள் சில விலகின. அப்படிப்பட்ட கட்டுரைகளும் நின்றன. 1996-இல் சஞ்சிகையே முடிந்தது. எதிர்த்தவர்கள் சொன்னது சரியா தவறா என்பது வேறு வழக்கு. கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே தெரிந்துவைத்திருந்தார்கள்!

படங்களைப்பற்றியும் சொல்லவேண்டும். முன்பு தூரிகையாலும் மைத் தெளிப்பானாலும் செய்த திருத்தத்தை இன்று கணினி நொடியில் செய்கிறது. பரு மறைகிறது, இடுப்பு சிறுக்கிறது, தோல் வெளுக்கிறது. அந்தப் படத்திலுள்ள பெண்ணேகூட நேரில் அப்படி இருக்கமாட்டாள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஜூலியா புளூம் என்ற 14 வயது மாணவி நடனம் பயின்றாள். கூடப் பயிலும் பிள்ளைகள் தாங்கள் பருமனாக இருப்பதாகச் சொல்லி நொந்துகொள்வதை அவள் கேட்டாள். 2012-இல் ‘செவென்டீன்’ சஞ்சிகைக்கு ஒரு மனு எழுதினாள். மாதம் ஒருமுறையாவது திருத்தாத படங்களைப் போடுங்கள் என்பதுதான் அவள் வேண்டுகோள். 84,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பெண்களின் உடல் வடிவையோ முக வடிவையோ மாற்றமாட்டோம் என்று அந்த ஆண்டு ஆகஸ்ட் இதழில் சஞ்சிகை எழுத்தில் உறுதி கூறியது.

நம் வகுப்புகளிலும் ஓய்வுநேரத்தில் சாப்பாட்டை அப்படியே மூடிவைக்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். வெயிலில் ஓடினால் கறுத்துவிடுவேன் என்று திடலுக்கு வர மறுப்பவர்களும் இருக்கிறார்கள். செம்பனை நிரையில் நாளெல்லாம் நின்று அவளுக்குச் சோறு போடும் தாயின் நிறம் அது.

விளம்பரமே இல்லாமலும் இப்படி ஒரு சஞ்சிகை நடத்தலாம் என்று காட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவின் டுலூத் நகரில் நான்சி குரூவர் என்ற தாயார், தம் இரட்டைப் பெண்களை மனத்தில் வைத்து, 1992-இல் ‘நியூ மூன்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். 8 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கான அதன் ஆசிரியர் குழுவில் சிறுமிகளே அமர்ந்தார்கள். ஆனால் விளம்பரம் இல்லாத சஞ்சிகைக்கு வாசகர்தாம் முழு விலையும் கொடுக்கவேண்டும். பத்து வெள்ளிக்குக் கணக்குப் பார்க்கும் வீடுகளுக்கு அது சுலபமன்று.

பழைய இதழ் ஒன்று கிடைத்தால் வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். பொருள் வாங்கச் சொல்லும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுத் தாளைச் செருகும்படி மகளிடம் சொல்லுங்கள். நாங்கள் பள்ளியில் செய்தபோது, செருகத் தாள் போதாமல் பிள்ளைகள் கணக்கு நோட்டைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அச்சு இதழ்கள் குறைந்துவிட்டன. ‘டீன் வோக்’ 2017-இல் அச்சை நிறுத்தியது. ‘செவென்டீன்’ 2018-இல் வழக்கமான அச்சு இதழைக் கைவிட்டது. அதே உடை, அதே பூச்சு, அதே யோசனை இப்போது கைப்பேசியில் வருகின்றன. அங்கே துண்டுத் தாள் செருகப் பக்கம் கிடையாது. அழகுக் குறிப்புச் சொல்லும் அக்காளுக்குக் கம்பெனி பணம் கொடுத்திருந்தால், அதைப் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் பொடியெழுத்தில் போட்டிருப்பார்கள். சிலர் அதையும் போடுவதில்லை. இன்றிரவு மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொடியெழுத்து எங்கே இருக்கிறதென்று அவளையே தேடிக் காட்டச் சொல்லுங்கள். நம்மைவிட அவள் கண் கூர்மையானது.