எதிர்காலத்தைத் தமிழ்வழி கற்கலாம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வேலை தேடும் இளைஞர்களிடம் அயல்மொழி கற்கும் ஆர்வம் பெருகியிருப்பதைக் காண்கிறேன். 20 நாடுகளின் ஆட்சிமொழியான ஸ்பானிய மொழியை நாடுவோரும் அவர்களில் உண்டு. ஆனால், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் தமிழ்வழி படித்தவர்கள் சிலர், 'ஆங்கிலமே தடுமாறுகிறது. இன்னொரு மொழி எப்படி வரும்?' என்று பின்வாங்குகிறார்கள். இந்த அச்சம் தேவையற்றது என்பதற்கு ஸ்பானிய மொழியின் எதிர்கால வினையே சான்று.

'அப்லார்' என்றால் பேசுதல். அந்தச் சொல்லைச் சிதைக்காமல் அதன் இறுதியில் விகுதி சேர்த்தால் போதும். 'அப்லரே' என்றால் பேசுவேன்; 'அப்லராஸ்', பேசுவாய்; 'அப்லரா', பேசுவான் அல்லது பேசுவாள்; 'அப்லரேமோஸ்', பேசுவோம்; 'அப்லரேயிஸ்', பேசுவீர்கள்; 'அப்லரான்', பேசுவார்கள். ஒழுங்கான வினைகள் அனைத்துக்கும் இதே ஆறு விகுதிகள்தாம். ஒழுங்கு மாறுகிற ஒரு டஜன் வினைகளிலும் பகுதி மட்டுமே திரியும், விகுதி மாறாது.

ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட்டால் பேசப்போவது யார் என்பது விளங்காது. தமிழில் 'பேசுவேன்' என்ற ஒரு சொல்லிலேயே 'நான்' அடங்கியிருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் அப்படியே. பகுதி, இடைநிலை, விகுதி என்று பகுபத உறுப்புகளைப் பிரித்துப் பழகிய மாணவருக்கு இது புதிதன்று. தமிழ் வினைமுற்று ஆண்பால், பெண்பாலையும் காட்டுகிறது. ஸ்பானிய விகுதிக்கு அந்தச் சுமையும் இல்லை.

ஒற்றுமை இத்துடன் முடியவில்லை. 'பேசப் போகிறேன்' என்பதற்கு அவர்கள் 'போய் ஆ அப்லார்' என்கிறார்கள். அங்கும் 'போகிறேன்' என்ற வினையே எதிர்காலத்தைச் சுட்டுகிறது. ('போய்' என்ற ஒலி ஒற்றுமை தற்செயலானது.) நேரத்தை ஊகித்து 'மணி பத்து இருக்கும்' என்று நாம் சொல்வதுபோல, அவர்களும் 'செரான் லாஸ் தியேஸ்' என்று எதிர்கால வினையாலேயே ஊகிக்கிறார்கள்.

வேறுபாடும் உண்டு. 'அவர் தினமும் நடந்தே வருவார்' என்று வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்காலத்தைப் பயன்படுத்துகிறோம். ஸ்பானிய மொழியில் அங்கே நிகழ்காலமே வரும். அழுத்தத்திலும் கவனம் தேவை. 'அப்லரா' என்பதன் இறுதி எழுத்தை அழுத்தினால்தான் எதிர்காலம். நடு எழுத்தை அழுத்தினால் அது வேறொரு வினைவடிவம் ஆகிவிடும்.

தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இந்தப் பாடத்தின் பெரும்பகுதி முன்பே கைவசம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவந்து கற்பிக்கும்போதுதான் மாணவர் தமக்குத் தெரிந்ததையும் தெரியாததாக எண்ணிவிடுகிறார். அயல்மொழிப் பாடநூல்கள் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்க வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சி உலகின் பிற மொழிகளுக்கு நுழைவுச்சீட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.