ஸ்கேன் எடுக்கும்போது பிள்ளை பயப்படாமல் இருக்க



"சாப்பிடு! இல்லாட்டி டிரெஸ்ஸர் வந்து ஊசி போட்டுடுவாரு!" லயத்தில் தினமும் காதில் விழுகிற பேச்சு இது. அந்த நேரத்துக்கு ஒரு வாய் சோறு இறங்கலாம். ஆனால் அதே பிள்ளைக்கு நாளை ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால், ஆஸ்பத்திரி வாசலிலேயே அலற ஆரம்பித்துவிடும். அந்தப் பயத்தைச் சோற்றோடு சேர்த்து ஊட்டியது நாம்தான்.

ஸ்கேன் வலிக்காது. ஆனால் பிள்ளை ஆடினால் படம் மங்கிவிடும். சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. மறுபடி எடுத்தால் பிள்ளை மேல் படும் கதிரும் கூடும். இல்லையென்றால் வேறு தேதி கொடுப்பார்கள். ஒரு நாள் சம்பளமும் வண்டிக் காசும் போனால் போகட்டும், நோய் இன்னதென்று தெரியாமல் நாள் கடப்பதுதான் பெரிய நஷ்டம்.

எந்த ஸ்கேன் என்று முதலில் மிஸ்ஸியிடம் கேளுங்கள். வயிற்றுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டுக்குக் கதிர் கிடையாது. குளிர்ச்சியான பசையைத் தடவி, ஒரு கருவியை மேலே நகர்த்துவார்கள். பெரும்பாலும் பிள்ளை உங்கள் மடியிலேயே இருக்கலாம். சி.டி. இயந்திரம் லாரி டயரை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ. அரை மணிக்கு மேலும் போகும், 'தட தட' என்று பெரிய சத்தம் போடும். அதனால் 2, 3 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தூக்க மருந்தோ மயக்க மருந்தோ கொடுப்பார்கள்.

வீட்டிலேயே பழக்குங்கள். பழைய சைக்கிள் டயருக்குள் பொம்மையைப் படுக்க வைத்து, "பாப்பாவுக்குப் படம் எடுக்கிறாங்க, ஆடக்கூடாது" என்று விளையாடுங்கள். பிறகு பிள்ளையைப் படுக்க வைத்துப் பத்து எண்ணுங்கள். நாளுக்கு நாள் கூட்டுங்கள். "கடைக்குப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீங்க. முதல் நாளே, "பெரிய மெஷின் படம் எடுக்கும், அம்மா கூட வருவேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ஏணை கட்டும் சாரோங்கைக் கையோடு எடுத்துப் போங்கள். பழகிய வாசனையே பிள்ளையைப் பாதி அடக்கிவிடும். தாய் கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே, சி.டி. அறைக்குள் போகக்கூடாது, தகப்பனோ பாட்டியோ போகட்டும். யார் போவது என்று முன்பே பேசி வையுங்கள்.

இடுப்பில் வெள்ளி அரைஞாண், கழுத்தில் தாயத்து, காலில் கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் உலோகம் படத்தை மறைக்கும். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். படம் எடுக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கூடப் போகிறவரும் சாவி, கைக்கடிகாரம், கைத்தொலைபேசியை வெளியே வைக்க வேண்டும். விபூதி பூசிக் கொண்டு போங்கள், அது எதையும் மறைக்காது.

தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகச் சோறு, ரொட்டி, டின் பால் என்றால் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் என்றால் 4 மணி நேரத்துக்கு முன்பும், பச்சைத் தண்ணீர் என்றால் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பத்திரி சொல்கிற கணக்கே முடிவு. "பசிக்குது பாவம்" என்று பாட்டி ஒரு மடக்கு மைலோ கொடுத்தால், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால், அன்று கொடுப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிள் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் தலை தொங்கினால் மூச்சு அடைபடும். காரிலோ வேனிலோ இரண்டு பேராக வாருங்கள். ஒருவர் கண் பிள்ளை மேலேயே இருக்கட்டும். அன்று ஏணையிலும் போடாதீங்க, தட்டையாகப் படுக்க வையுங்கள்.

இதெல்லாம் ஸ்கேன் தேதி கிடைத்த பிறகு செய்ய வேண்டியவை. ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யலாம். ஊசியைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.